ஹூஸ்டனின் புதிய பேருந்துத் தடங்கள்: எதை வைத்து மதிப்பிடுவது?

2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரத்தில் உள்ளூர்ப் பேருந்துத் தடங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே மூச்சில் மாற்றப்பட்டன. முந்தைய இரவு வரை ஓடிய பல தடங்கள் இல்லாமல் போயின. சில தடங்கள் வேறு சாலைகளுக்குத் திருப்பப்பட்டன. வெஸ்ட்ஹைமர் சாலையில் ஓடும் 82ஆம் எண்ணைப் போன்ற சில மட்டுமே பழைய பயணிகளுக்கு அடையாளம் தெரியும்படி எஞ்சின. 2004ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று சியோல் நகரம் இதுபோல ஒரே நாளில் மாறியது. பார்சலோனாவோ கிடையாக ஓடுபவை, நெடுக்காக ஓடுபவை, மூலைவாட்டில் ஓடுபவை எனப் பிரித்த தனது இருபத்தெட்டுத் தடங்களை 2012இல் தொடங்கி 2018 வரை கட்டங்கட்டமாகத்தான் கொண்டுவந்தது. ஹூஸ்டன் ஒரே விடியலைத் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணம் உண்டு. ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறி ஏறுவதையே அடிப்படையாகக் கொண்ட வலையமைப்பில் பாதித் தடங்களை மட்டும் மாற்றினால், பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் பயணி நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். ஆனால் அதே முடிவு, பிற்பாடு "இது வேலை செய்ததா?" என்று கேட்பவருக்கு ஒரு பெரிய சிக்கலையும் விட்டுச்சென்றது: மாறிய பகுதியை மாறாத பகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்க, மாறாத பகுதி என்று ஒன்று மிச்சமில்லை.

நான் இந்த நகரத்தின் தென்மேற்குப் பகுதியில் வசிப்பவன். எண்களோடு பிழைப்பு நடத்துபவன். ஹூஸ்டனில் பஸ்ஸில் போகிறேன் என்று சொன்னால் இங்குள்ள தமிழ் நண்பர்கள் கார் பழுதாகிவிட்டதா என்றுதான் கேட்பார்கள். அந்த நகைப்பைத் தாண்டிப் பேச்சு நீண்டால், புதிய வலையமைப்பைப் பற்றி இரண்டு விதமான தீர்ப்புகள் வரும். போக்குவரத்துத் திட்டமிடலில் ஆர்வமுள்ளவர்கள் இதை அமெரிக்காவுக்கே முன்மாதிரி என்பார்கள். நகரத்து நாளிதழ்களின் எண்களை நினைவில் வைத்திருப்பவர்கள், இவ்வளவு பெரிய கலைத்துப்போடலுக்குப் பிறகும் பேருந்துப் பயணிகள் ஒரு சதவீதம் போலத்தானே கூடினார்கள் என்பார்கள். இருவரும் சொல்லும் எண்கள் சரியானவையே. அந்த எண்கள் எந்தக் கேள்விக்கு விடை என்பதைத்தான் இரு தரப்பும் சரியாகப் பார்ப்பதில்லை என்பது என் கருத்து.

முதலில் எது மாறியது என்பதைச் சொல்ல வேண்டும். ஹூஸ்டனின் பொதுப் போக்குவரத்தை நடத்துவது ஹாரிஸ் கவுண்டியின் பெருநகரப் போக்குவரத்து ஆணையம். இங்கே அதை மெட்ரோ என்றே அழைக்கிறார்கள், பேருந்தும் ரயிலும் அதன் கீழ்தான். 1979 முதல் அது நடத்திவந்த பேருந்துகள் பெரும்பாலும் நகர மையத்தை நோக்கியே ஓடின. ஆனால் ஹூஸ்டன் ஒரே மையம் கொண்ட நகரம் அன்று. உயர்ந்த கட்டடங்கள் நிற்கும் டவுன்டவுன் ஒருபுறம் இருக்க, பல மருத்துவமனைகள் சேர்ந்த டெக்சாஸ் மெடிக்கல் சென்டர், கேலரியா அங்காடியைச் சுற்றிய அப்டவுன், கிரீன்வே பிளாசா என்று வேலைக்களங்கள் பல திசைகளில் சிதறிக்கிடக்கின்றன. தென்மேற்கிலிருந்து அப்டவுனுக்குப் போக வேண்டியவர், பழைய அமைப்பில், பல நேரங்களில் டவுன்டவுன் வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. மேலும் ஒரே சாலையில் மூன்று நான்கு தடங்கள் சேர்ந்து ஓடுவதும், ஆள் குறைந்த தெருக்களுக்குள் வளைந்து வளைந்து நுழைந்து வெளிவருவதும், வார இறுதியில் பாதி வண்டிகள் நின்றுபோவதும் சாதாரணமாக இருந்தன.

புதிய திட்டத்தை ஆணையத்தின் வாரிய உறுப்பினராக இருந்த பொறியாளர் கிறிஸ்டோஃப் ஸ்பீலர் முன்னின்று வலியுறுத்தினார். ஆலோசகர் குழுவில் ஜாரட் வாக்கர் இருந்தார். 2014இல் வரைவு வெளியானது, மக்கள் கருத்துக்குப் பின் திருத்தப்பட்டது, 2015 பிப்ரவரியில் வாரியம் ஒப்புதல் அளித்தது. தடங்களை வரைவதற்கு முன்பே வாரியம் ஒரு கொள்கை முடிவை எடுத்தது என்பதுதான் இதில் முக்கியமானது. வண்டிகளையும் ஓட்டுநர் நேரத்தையும் நூறு பங்காகப் பிரித்தால், எண்பது பங்கு அதிகம் பேர் ஏறக்கூடிய இடங்களுக்கு. மீதி இருபது பங்கு, ஏறுபவர் குறைவானாலும் பேருந்து இல்லாமல் விட முடியாத இடங்களுக்கு. பழைய அமைப்பில் முதல் பங்கு இதைவிட வெகுவாகக் குறைவாக இருந்தது. ஏறக்குறைய அதே செலவில் வண்டிகளை இடம் மாற்றி, பெரிய சாலைகளில் நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் போட்டாற்போல் தடங்களை அமைத்தார்கள். வரைபடத்தில் சிவப்பு நிறத் தடம் என்றால் பகல் முழுவதும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி அல்லது அதற்கும் அடிக்கடி, வாரத்தின் ஏழு நாட்களும். நீலம் என்றால் அரை மணிக்கு ஒன்று. பச்சை என்றால் மணிக்கு ஒன்று. நிறத்தைப் பார்த்தாலே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த பேருந்து வரைபடங்களில் இதுபோல் நேர்மையானவை குறைவு.

இத்தகைய திட்டத்தை அதன் ஆசிரியர்கள் எதைச் செய்வதாகச் சொன்னார்களோ அதை வைத்துத்தான் முதலில் அளக்க வேண்டும். அவர்கள் சொன்னவற்றுள் ஒன்று, இரண்டு ஆண்டுகளில் பயணிகள் எண்ணிக்கை இருபது சதவீதம் உயரும் என்பது. அரசியல் ரீதியாக அது தேவையாக இருந்திருக்கலாம். வாக்காளர்களுக்கும் மேயருக்கும் ஒரு எண்ணைக் கொடுக்காமல் இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்க முடியாது. ஆனால் அந்த எண்ணை அன்று கொடுத்ததால், அதற்குப் பிறகு எல்லோரும் அதைக் கொண்டே திட்டத்தை எடைபோட்டார்கள். ஆணையம் வெளியிட்ட கணக்கின்படி, 2015 செப்டம்பர் முதல் 2016 ஜூலை வரை உள்ளூர்ப் பேருந்தும் ரயிலும் சேர்ந்த எண்ணிக்கை, அதற்கு முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 6.8 சதவீதம் கூடியது. பிரித்துப் பார்த்தால் பேருந்து 1.2 சதவீதமும் ரயில் 16.6 சதவீதமும் கூடியிருந்தன. இருபதுக்கும் 1.2க்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்துத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு, 6.8 என்பதைப் பார்த்து வெற்றி என்று எழுதியவர்களும் உண்டு.

இரண்டு வாதமும் ஒரே இடத்தில் இடறுகின்றன. ஹூஸ்டனின் பச்சை, ஊதா நிற ரயில் தடங்கள் 2015 மே மாதத்தில், அதாவது புதிய பேருந்து அமைப்புக்கு மூன்று மாதம் முன்புதான் திறக்கப்பட்டன. ரயில் கூடியதில் எவ்வளவு பங்கு புதிய தண்டவாளத்துக்கு, எவ்வளவு பங்கு ரயில் நிலையத்தோடு இணைத்து வரையப்பட்ட புதிய பேருந்துத் தடங்களுக்கு என்று அந்த ஒரு எண்ணிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது. முன்பு டவுன்டவுன் வரை பேருந்திலேயே போனவர், இப்போது ரயில் நிலையத்தில் இறங்கி ரயிலில் ஏறுகிறார் என்றால், பேருந்துக்கு அவர் வழக்கம்போல் ஒருவர்தான், ரயிலுக்கு அவர் புதியவர். ஆகவே பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுபவர் திட்டத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார். இரண்டையும் கூட்டிப் பேசுபவர் அதை மிகைப்படுத்துகிறார்.

இதைவிட ஆழமான குழப்பம் எண்ணும் முறையிலேயே இருக்கிறது. போக்குவரத்து நிறுவனங்கள் வெளியிடுவது ஆட்களின் எண்ணிக்கையும் அன்று, பயணங்களின் எண்ணிக்கையும் அன்று, ஏறுகைகளின் எண்ணிக்கை. கதவோரத்தில் பொருத்திய கருவி, ஒருவர் படியில் கால் வைக்கும்போதெல்லாம் ஒன்று கூட்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போக இரண்டு வண்டி ஏறுபவர் இரண்டு. ஒரே வண்டியில் போய்ச் சேருபவர் ஒன்று. இப்போது, மாறி ஏறுவதைப் பெருக்குவதற்காகவே வரையப்பட்ட ஒரு வலையமைப்பை ஏறுகைகளைக் கொண்டு அளந்தால் என்ன ஆகும்? ஒருவர்கூடப் புதிதாக வராமலே எண்ணிக்கை கூடக்கூடும். நேர்மாறாக, டவுன்டவுனுக்குப் போய் வண்டி மாறித் திரும்பிக்கொண்டிருந்தவருக்கு இப்போது நேரடித் தடம் கிடைத்திருந்தால், அவருடைய வாழ்க்கை எளிதாகிவிட்டது, கணக்கிலோ ஓர் ஏறுகை குறைந்துவிட்டது. ஹூஸ்டனில் இவ்விரண்டுமே நடந்தன.

கார்டைக் கொண்டு இதைச் சரிசெய்யலாம் என்று என்னைப் போன்றவர்கள் உடனே சொல்வோம். புதிய வலையமைப்பு வந்த ஆண்டுகளில், கியூ கார்டு என்ற அட்டையைத் தட்டி 1.25 டாலர் கட்டணம் செலுத்தினால், மூன்று மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும், எந்தத் திசையில் போனாலும் மறுபடி கட்டணம் இருக்கவில்லை. ஆகவே அட்டையின் தடத்தைப் பின்தொடர்ந்தால் ஏறுகைகளைக் கோத்து முழுப் பயணங்களாக்கிவிடலாம். ஆனால் பணப் பெட்டியில் நாணயம் போட்டவருக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. மாறி ஏறினால் மறுபடி காசு. அட்டை வைத்திராமல் சில்லறையோடு ஏறுபவர்கள் யார்? எப்போதாவது ஏறுபவர்கள் கொஞ்சம். கையில் இருப்பதை வைத்து அன்றன்றைக்கு ஓட்டுபவர்கள் நிறைய. மாறி ஏறும் அமைப்பு யாருக்கு இரட்டைச் செலவாக விழுகிறதோ, அவர்களே அட்டையின் கணக்கில் தெரியாமல் போகிறார்கள். புதிய வலையமைப்பை மதிப்பிடுபவர், காசு கொடுத்து ஏறுபவர்களின் விகிதத்தைத் தடம் வாரியாகத் தனியே பார்க்காவிட்டால், நன்மை அடைந்தவர்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பார்.

அடுத்தது, எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி. முந்தைய ஆண்டோடு ஒப்பிடுவது எளிது. ஆனால் நமக்குத் தெரிய வேண்டியது, பழைய அமைப்பே தொடர்ந்திருந்தால் அந்த ஆண்டு என்ன ஆகியிருக்கும் என்பது. ஹூஸ்டன் எண்ணெய்த் தொழிலை நம்பி வாழும் ஊர். 2014இன் நடுவில் பீப்பாய்க்கு நூறு டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் 2016இன் தொடக்கத்தில் முப்பது டாலருக்கும் கீழே இறங்கியது. இங்கே அதன் விளைவு இரு மடங்கு: எண்ணெய் நிறுவனங்களில் ஆட்குறைப்பு நடந்ததால் வேலைக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள், பெட்ரோல் மலிந்ததால் எஞ்சியவர்கள் காரையே எடுத்தார்கள். அதே ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் உட்பட அமெரிக்காவின் பல பெருநகரங்களில் பேருந்துப் பயணிகள் தொடர்ந்து குறைந்துவந்தார்கள். எல்லா இடத்திலும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தபோது இங்கே மட்டம் குறையவில்லை என்றால், அந்த 1.2 சதவீதத்தின் மதிப்பு அது தோன்றுவதைவிடக் கூடுதல். ஆனால் எவ்வளவு கூடுதல் என்று துல்லியமாகச் சொல்ல யாராலும் ஆகாது. சொல்பவர் ஏதோ ஒரு கணித மாதிரியின் அனுமானங்களை நம் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம்.

இயற்கையும் கணக்கைக் கலைத்தது. 2015 மே மாத இறுதியிலும் 2016 ஏப்ரலிலும் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது; ஆகவே மே மாதத்தை மே மாதத்தோடும் ஏப்ரலை ஏப்ரலோடும் ஒப்பிட்டாலும் ஏதோ ஒரு பக்கம் பழுது. எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது சதவீதம் என்று சொல்லப்பட்ட இரண்டு ஆண்டுத் தவணை முடிந்த அதே 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தது. பேருந்துகள் நிறுத்தப்பட்டன, பல்லாயிரக்கணக்கான வீடுகள் நீரில் நின்றன, குடியிருப்பவர்கள் வேறு பகுதிகளுக்கு, வேறு ஊர்களுக்குப் பெயர்ந்தார்கள். அளவுகோலை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டிய நாளில், அளக்க வேண்டிய நகரமே இடம்பெயர்ந்துவிட்டது. ஆக்லாந்து நகரம் தன் புதிய வலையமைப்பைத் தெற்கில் 2016 அக்டோபரிலும், மேற்கில் 2017 ஜூனிலும், கிழக்கில் அவ்வாண்டு டிசம்பரிலும், மையத்திலும் வடக்கிலும் 2018இலுமாகப் பகுதி பகுதியாக நடைமுறைப்படுத்தியதால், மாறிய பகுதியை இன்னும் மாறாத பகுதியோடு ஓரளவு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அங்கே கிடைத்தது. ஹூஸ்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இத்தனை கலங்கலுக்கு நடுவில் ஓரளவு தெளிவாகத் தெரியும் சாட்சி ஒன்று உண்டென்றால், அது வார இறுதி. எண்ணெய் விலை திங்கட்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒன்றுதான், வெள்ளமும் அப்படியே. பேருந்து அமைப்பில் மிகப் பெரிய மாற்றம் நிகழ்ந்ததோ ஞாயிற்றுக்கிழமையில்தான், ஏனென்றால் பழைய அமைப்பில் அன்று மணிக்கு ஒன்றாகவோ அதற்கும் அரிதாகவோ வந்த பல தடங்கள் இப்போது கால் மணிக்கு ஒன்றாக ஓடின. பயணிகள் எண்ணிக்கையும் வேலை நாட்களில் அசைந்தும் அசையாமலும் நிற்க, சனிக்கிழமையில் அதைவிடக் கூடி, ஞாயிறன்று எல்லா நாட்களையும்விட அதிகமாகப் பெருகியது. சேவை எங்கே மிகுதியாக மாறியதோ அங்கே பயணிகள் மிகுதியாக மாறினார்கள் என்பது, மற்றக் காரணங்களைப் பெருமளவு விலக்கிக் காட்டும் ஒப்பீடு. வண்டிகளைக் கூட்டினால் ஆட்கள் கூடத்தானே செய்வார்கள் என்று கேட்கலாம்; நியாயமான கேள்வி. அதனால்தான் ஏறுகைகளை வண்டி ஓடிய மணி நேரங்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்த ஒரு மணி நேரம், அதை எடுத்த இடத்தில் தந்த பலனைவிடக் கூடுதலாகத் தருகிறதா என்பதுதான் கணக்கு.

ஊரிலிருந்து என் தந்தை வந்திருந்தபோது வெஸ்ட்ஹைமரும் ஹில்கிராஃப்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வார இறுதியில் இருவரும் நின்றிருந்தோம். ஹில்கிராஃப்ட் சாலையில் சற்றுத் தெற்கே போனால் இந்தியக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த மகாத்மா காந்தி மாவட்டம். "அடுத்த வண்டி எத்தனை மணிக்குப்பா?" என்று கேட்டார். "நேரமெல்லாம் பார்க்க வேண்டாம்ப்பா, 82 அடிக்கடி வந்துகிட்டே இருக்கும்" என்றேன். "ஞாயித்துக்கிழமையுமா?" என்றார். வாழ்நாளெல்லாம் பேருந்தில் போய்வந்த மனிதர். ஒரு போக்குவரத்து அமைப்பிடம் கேட்க வேண்டிய சரியான கேள்வி எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்வையாளர் விசாவில் வந்து, பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு நான்கு சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும் பெற்றோர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களில் பலருடைய வீடுகள் ஆணையத்தின் எல்லைக்கே வெளியே, புறநகரங்களில் இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

ஆனால் வரைபடத்தில் சிவப்பு என்று போட்டிருப்பது ஒன்று. தெருவில் அது அப்படி வருவது வேறொன்று. இங்கே பெரும்பாலான மதிப்பீடுகள், குறித்த நேரத்துக்கு வந்த வண்டிகளின் சதவீதத்தைப் பார்க்கின்றன. அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒன்று வரும் தடத்துக்கு அது சரியான அளவுகோல். கால் மணிக்கு ஒன்று வரும் தடத்தில் பயணி அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. அவருக்கு வேண்டியது வண்டிகளுக்கு இடையில் சீரான இடைவெளி. ஒரு மணி நேரத்தில் நான்கு வண்டிகள் சரியாகப் பதினைந்து நிமிட இடைவெளியில் வந்தால், தோன்றிய நேரத்தில் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக ஏழரை நிமிடம் காத்திருப்பார். அதே நான்கு வண்டிகள் ஐந்து நிமிடம், இருபத்தைந்து நிமிடம், ஐந்து, இருபத்தைந்து என்று ஜோடி ஜோடியாக வந்தால், சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ பதினொரு நிமிடமாகிவிடும். ஏனெனில் நீண்ட இடைவெளியில்தான் அதிகம் பேர் வந்து சேர்கிறார்கள். வண்டிகளின் எண்ணிக்கை மாறவில்லை, செலவு மாறவில்லை, ஆனால் பயணியைப் பொறுத்தவரை கால் மணித் தடம் இருபத்திரண்டு நிமிடத் தடமாகத் தேய்ந்துவிட்டது. லண்டனில் அடிக்கடி ஓடும் தடங்களை இந்தக் கூடுதல் காத்திருப்பைக் கொண்டே பல்லாண்டுகளாக அளக்கிறார்கள். மாறி ஏறும் அமைப்பில் இது இரண்டு முறை பயணியைத் தாக்கும் என்பதால், ஹூஸ்டனைப் போன்ற இடத்தில் இதுவே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும். நகரத்தின் கிழக்குப் பகுதியில் சரக்கு ரயில் தண்டவாளங்கள் சாலைகளைத் தரைமட்டத்திலேயே குறுக்கிடுவதால், நீண்ட சரக்கு ரயில் ஒன்று நின்றுவிட்டால் எந்த அட்டவணையும் தாக்குப்பிடிக்காது. திட்டமிட்டவர்கள் தடங்களை வரையும்போது இத்தகைய கடவைகளைத் தவிர்க்க முயன்றார்கள் என்பதைப் பாராட்ட வேண்டும். எல்லாவற்றையும் தவிர்க்க ஹூஸ்டனின் புவியியல் விடாது.

அப்படியானால் ஒரு வலையமைப்பை, எண்ணெய் விலையும் புயலும் தொடாத அளவுகோலைக் கொண்டு அளக்க முடியுமா? முடியும். ஒருவர் தன் வீட்டிலிருந்து, நடை, காத்திருப்பு, பயணம் எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்குள் எத்தனை வேலைகளை, எத்தனை மருத்துவமனைகளை, எத்தனை கல்லூரிகளை எட்ட முடியும் என்று கணக்கிடலாம். இதற்குப் பயணிகளின் எண்ணிக்கை தேவையே இல்லை. தடமும் அட்டவணையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் போதும். இந்த அளவில் பார்த்தால் ஹூஸ்டனின் மாற்றம் சந்தேகத்துக்கு இடமின்றிப் பெரியது: அடிக்கடி பேருந்து ஓடும் தடத்திலிருந்து அரை மைலுக்குள், அதாவது 800 மீட்டருக்குள், வசிப்பவர்கள் ஏறக்குறைய இரு மடங்காகிப் பத்து லட்சத்தை எட்டினார்கள். என் வாக்கு இந்த அளவுகோலுக்குத்தான். ஆனால் அதையும் கண்மூடி நம்புவதற்கில்லை, ஏனென்றால் அந்த அரை மைல் பெரும்பாலும் வரைபடத்தில் வட்டம் போட்டு எடுத்தது.

ஹூஸ்டனில் அரை மைல் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த வட்டத்தின் அர்த்தம் தெரியும். இடையில் பாயு என்று இங்கே அழைக்கப்படும் ஓடைகள் உண்டு. அதிவேகச் சாலைகள் உண்டு. நடைபாதை திடீரென்று முடிந்து புல்லும் சேறுமாகிவிடும், பல குடியிருப்புகளில் நடைபாதைக்குப் பதிலாகத் திறந்த மழைநீர் வாய்க்கால்தான் இருக்கும். பல நிறுத்தங்கள் புல்தரையில் நட்ட ஒற்றைக் கம்பம் மட்டுமே. ஆகஸ்ட் மாத வெயிலில் அந்தக் கம்பத்தின் நிழல்தான் நிழல். ஒரு தடத்திலிருந்து குறுக்குத் தடத்துக்கு மாற, ஆறு எட்டு வழிகள் கொண்ட சாலையை ஒரு சிக்னலில் கடந்து, திரும்பும் கார்களைச் சமாளித்து, இன்னொரு சாலையையும் கடக்க வேண்டியிருக்கும். கட்டம் போட்ட வலையமைப்பில் இந்தச் சந்திகளே நிலையங்கள். ஆனால் பேருந்து ஆணையத்தின் பொறுப்பு, நடைபாதை பெரும்பாலும் மாநகராட்சியின் அல்லது அருகிலுள்ள நில உரிமையாளரின் பொறுப்பு என்று பிரிந்து கிடப்பதால், வலையமைப்பு ஒரே இரவில் மாறியது. அதன் சந்திகள் மாறப் பத்தாண்டுகள் பிடித்தும் முடியவில்லை. எட்டக்கூடிய வேலைகளைக் கணக்கிடும்போது உண்மையான நடைபாதைகளின் வழியாக, கைத்தடியோடு நடப்பவரின் வேகத்தில் ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்தால் அந்தப் பத்து லட்சம் எவ்வளவாகச் சுருங்கும் என்பதை அறிய எனக்கு ஆவல்.

சராசரி மறைக்கும் இன்னொன்றும் உண்டு. நகரத்தின் வடகிழக்குப் பகுதி, கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் மிகுதியாக வாழும் பகுதி. ஆண்டுக்காண்டு மக்கள்தொகை குறைந்து, காலி மனைகள் பெருகி, ஏறுபவர்கள் அங்கங்கே ஒருவர் இருவராகச் சிதறிய இடம். பேருந்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் அங்கே நிறைய, ஆனால் ஒரு வண்டியை நிரப்பும் நெருக்கத்தில் அவர்கள் இல்லை. எண்பதுக்கு இருபது என்று பிரித்ததன் கூர்முனை இங்கேதான் குத்தியது. 2014 வரைவில் அப்பகுதியில் சில தடங்களுக்குப் பதில், அழைத்தால் வரும் சிறு வண்டிகள் முன்வைக்கப்பட்டன. கூட்டங்களில் எதிர்ப்பு வலுத்தது. இறுதித் திட்டத்தில் நிலையான தடங்கள் பல திரும்ப வந்தன. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவின்படி, இத்தகைய பெரிய மாற்றத்துக்கு முன்னால் சிறுபான்மையினருக்கும் ஏழைகளுக்கும் ஏற்படும் விளைவை ஆராய்ந்தாக வேண்டும்; மெட்ரோவும் ஆராய்ந்தது. ஆனால் அந்த ஆய்வு வரைபடத்தை வைத்து முன்கூட்டியே செய்வது. மாற்றத்துக்குப் பிறகு, தடத்தை இழந்த தெருக்களில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதைச் சட்டம் கோரவில்லை. தன் தெருமுனையிலிருந்து வண்டி போய்விட்டது என்பது இழந்தவருக்கு முதல் நாள் காலையிலேயே தெரியும். தன் வீட்டிலிருந்து மெடிக்கல் சென்டருக்கு இப்போது ஒரே மாற்றத்தில் போய்விடலாம் என்பது, பயனடையக்கூடியவருக்கு ஒரு வருடம் கழித்து, அங்கே வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரும். முதல் ஆறு மாதத்துப் புகார்களை எண்ணி எழுதப்படும் மதிப்பீடு இதனாலேயே ஒரு பக்கம் சாயும். ஆனால் அதைக் காரணம் காட்டிப் புகார்களை ஒதுக்குவது அதைவிடப் பெரிய பிழை.

காலம்தான் கடைசிச் சிக்கல். வேலையும் வீடும் பேருந்தைப் பார்த்து மாற மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே ஹூஸ்டனுக்கு ஹார்வியும், 2020இல் பெருந்தொற்றும் வந்துவிட்டன. ஆயினும் பெருந்தொற்று, யாரும் கேட்காமலே ஒரு சோதனையை நடத்திக்கொடுத்தது. புறநகரிலிருந்து டவுன்டவுன் அலுவலகங்களுக்கு ஓடிய, காரை நிறுத்திவிட்டு ஏறும் பார்க் அண்டு ரைடு பேருந்துகள் ஏறக்குறைய காலியாகிவிட்டன. கட்டம் போட்ட உள்ளூர்த் தடங்களிலோ மருத்துவமனை ஊழியர்களும் கடைச் சிப்பந்திகளும் சமையற்கூடங்களில் வேலை செய்பவர்களும் தொடர்ந்து ஏறினார்கள். மையத்தை மட்டும் நோக்கி ஓடிய பழைய வடிவம் அப்படியே இருந்திருந்தால், உள்ளூர்ப் பேருந்துகளின் நிலையும் பார்க் அண்டு ரைடின் பக்கம் சாய்ந்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

2019 நவம்பரில் ஹூஸ்டன் வாக்காளர்கள், போக்குவரத்துக்காக 350 கோடி டாலர் வரை கடன் பத்திரம் வெளியிட ஒப்புதல் அளித்தார்கள். அதில் ஒரு பகுதி, தேர்ந்தெடுத்த உள்ளூர்ப் பேருந்துத் தடங்களில் நிழற்கூரையும் நடைபாதையும் சிக்னல்களில் பேருந்துக்கு முன்னுரிமையும் கொண்டுவருவதற்கானது. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவற்றுள் 54ஆம் எண் ஸ்காட் தடமும் 56ஆம் எண் ஏர்லைன்–மான்ட்ரோஸ் தடமும் உண்டு. இரண்டும் 2015 வரைபடத்தின் சிவப்புத் தடங்கள். அந்த நிறுத்தங்களில் கூரை போட்ட பிறகு காத்திருப்பு எவ்வளவு குறைந்தது, கைத்தடியோடு வருபவர்கள் எத்தனை பேர் புதிதாக ஏறினார்கள், காசு போட்டு ஏறுபவர்களின் பங்கு கூடியதா குறைந்ததா என்ற மூன்று கணக்குகளையும் தடம் வாரியாக, மாதம் வாரியாக ஆணையம் வெளியிட்டால், 2015இன் தடங்களைப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவும் நான் தயார்.